வெயில்ல வைக்காதீங்க: பழைய வாட்டர் கேன்ல ஒரு பதியன் பெட்டி

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இன்னைக்குக் கொஞ்சம் மண்ணுல கை வைக்கப் போறோம். கோடு எழுதுற ஆளு செடியைப் பத்திப் பேசலாமான்னு கேட்டா, பேசலாம்னுதான் சொல்வேன். ஏன்னா இது அடிப்படையில ஒரு வரவு செலவு கணக்கு. செடிக்கு உள்ளே வர்ற தண்ணி எவ்வளவு, வெளியே போற தண்ணி எவ்வளவு, அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். ரோஜா, செம்பருத்தி, மல்லி மாதிரி செடியில இருந்து ஒரு குச்சியை வெட்டி நட்டு, அதை வேர் பிடிக்க வைக்கணும். அதுக்கு வீட்டுல கிடக்கிற பொருளை வச்சு ஒரு குட்டி கிரீன்ஹவுஸ் செய்யணும். வீடியோ தேடினீங்கன்னா ஆயிரம் வரும். அதுல பாதி இங்கிலாந்துலயோ கனடாவிலயோ எடுத்தது. "ஒரு கண்ணாடிப் பெட்டி எடுங்க, ஜன்னல் ஓரம் நல்லா வெயில் படுற இடத்துல வைங்க"ன்னு சொல்வாங்க. அதை அப்படியே செவிலிமேட்டுல செஞ்சா மத்தியானம் மூணு மணிக்கு உங்க கையில இருக்கிறது ரோஜாக் குச்சி கிடையாது, ரோஜாக் கூட்டு.

கிரீன்ஹவுஸ்ங்கிற பேரே நம்ம ஊருக்குக் குழப்பம். குளிர் நாட்டுல அந்த வீடு சூட்டைப் பிடிச்சு வைக்கத்தான். நமக்குச் சூடு ஓசியில கிடைக்குது, தேவைக்கு மேலயே. நமக்கு வேண்டியது ஈரத்தைப் பிடிச்சு வைக்கிற ஒரு பெட்டி. அதனால நான் இதைப் பதியன் பெட்டின்னே கூப்பிடப் போறேன். செடிக்காரங்க சண்டைக்கு வராதீங்க, பதியம் போடுறதுன்னா கிளையைத் தாய்ச் செடியோட சேர்த்தே மண்ணுல வளைச்சு புதைக்கிறதுன்னு எனக்கும் தெரியும். எங்க பக்கம் குச்சி நடுறதையும் பதியன் போடுறதுன்னுதான் வீட்டுல சொல்வாங்க.

சரி, முதல்ல ஒரு கேள்வி. வெட்டின குச்சி ஏன் சாகுது? எல்லாரும் சொல்ற பதில், தண்ணி பத்தல. அதனால ரெண்டு வேளையும் மண்ணுல ஊத்துவாங்க. மறுநாளும் இலை தொங்கும். இன்னும் ஊத்துவாங்க. நாலாவது நாள் அடி கறுத்து அழுகிப் போயிருக்கும்.

நடக்கிறது என்னன்னா, இலையில கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கு. அது வழியா தண்ணி ஆவியா போயிட்டே இருக்கும். வேர் இருக்கிற செடிக்குப் போனதை ஈடுகட்ட கீழ இருந்து வந்துடும். வேரே இல்லாத குச்சிக்கு வெட்டுவாய் வழியா ஏதோ கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். வரவு குறைவு, செலவு அப்படியே. மண்ணுல தண்ணி ஊத்துறது வரவைக் கூட்டுற முயற்சி. வரவைக் கூட்டுறதுக்கு வேர் வேணும், அது இன்னும் முளைக்கல. அப்போ நம்ம கையில இருக்கிறது செலவைக் குறைக்கிறது மட்டும்தான்.

இங்கதான் எனக்குப் பிடிச்ச கணக்கு வருது. இலைக்குள்ள காத்து எப்பவும் ஈரத்துல கிட்டத்தட்ட நிரம்பித்தான் இருக்கும், அதை 100ன்னு வச்சுக்கோங்க. வெளிக்காத்துல ஈரப்பதம் 60 சதவீதம்னா இடைவெளி 40. அந்த இடைவெளிதான் தண்ணியை வெளியே இழுக்குது. அதே சூட்டுல ஒரு மூடின பெட்டிக்குள்ள ஈரப்பதம் 95க்கு வந்துட்டா இடைவெளி வெறும் 5. இழுப்பு எட்டுல ஒரு பங்கா குறைஞ்சு போச்சு. ஒரு பிளாஸ்டிக் மூடி போட்டதுக்கு எட்டு மடங்கு லாபம்! எங்க ஆபீஸ்ல இப்படி ஒரு மாற்றம் செஞ்சா கேக் வெட்டிக் கொண்டாடுவாங்க.

ஆனா அந்தக் கணக்குல ஒரு நிபந்தனை இருக்கு. இலையும் காத்தும் ஒரே சூட்டுல இருக்கணும். பெட்டியை வெயில்ல வச்சீங்கன்னா இலை காத்தை விட சூடாகும். காத்து 35 டிகிரி, இலை 40 டிகிரின்னு வச்சுக்கோங்க. சூடு ஏற ஏற இலைக்குள்ள இருக்கிற ஆவியோட அழுத்தம் வேகமா ஏறும். அந்த 5 டிகிரி வித்தியாசத்துலயே இழுப்பு ஏறக்குறைய திறந்தவெளி அளவுக்குத் திரும்பிடும். மூடி போட்டதோட மொத்தப் பலனும் போச்சு. அதுக்கு மேல பெட்டிக்குள்ள சூடு ஏறிட்டே போகும், வெயில்ல கண்ணாடி ஏத்தி நிறுத்தின கார் மாதிரி. அதனால இந்த எபிசோடுல ஒரே ஒரு வரி ஞாபகம் வச்சுக்கணும்னா இது போதும்: மூடி போட்டா நிழல் கட்டாயம். வெளிச்சம் வேணும், நேர் வெயில் கூடாது.

இன்னொன்னு. எல்லாக் குச்சிக்கும் பெட்டி தேவையில்லை. முருங்கைப் போத்தை யாராவது மூடி வச்சுப் பார்த்திருக்கீங்களா? கை மொத்தத்துக்கு ஒரு கிளையை வெட்டி, வெட்டுவாய் மேல சாணி அப்பி, குழியில நட்டுட்டுப் போயிடுவாங்க. அதுல இலையே கிடையாது, செலவும் கிடையாது. உள்ள சேர்த்து வச்ச சாப்பாடும் தண்ணியும் நிறைய. கிளுவை, பூவரசு எல்லாம் அதே கதைதான். கற்றாழை, கள்ளி வகையை மூடி வச்சா அழுகித்தான் போகும். பெட்டி யாருக்குன்னா, பச்சை இலையோட, பென்சில் மொத்தத்துல, சீக்கிரம் வாடிப் போற குச்சிகளுக்கு.

இந்தப் பெட்டியைக் கண்டுபிடிச்ச கதை நல்லா இருக்கும், அதோட கடைசிப் பாகம் நம்ம ஊட்டியில நடக்குது. 1829. லண்டன்ல நத்தானியேல் பாக்‌ஷா வார்டுன்னு ஒரு டாக்டர். அவருக்குப் பெரணிச் செடி வளர்க்க ஆசை. ஆனா அந்தக் காலத்து லண்டன் புகையில எதுவும் பிழைக்கல. ஒருநாள் ஒரு அந்துப்பூச்சியோட கூட்டுப்புழு பூச்சியா வெளிய வர்றதைப் பார்க்கணும்னு ஈரமண்ணோட ஒரு பாட்டில்ல வச்சு மூடி வைக்கிறார். கொஞ்ச நாள்ல அந்த மண்ணுல ஒரு பெரணியும் ஒரு புல்லும் தானா முளைச்சிருக்கு. வெளிய தோட்டத்துல சாகிற செடி, மூடின பாட்டில்ல தண்ணியே ஊத்தாம வருஷக்கணக்கா வாழுது. பகல்ல ஆவி ஏறி கண்ணாடியில படிஞ்சு, திரும்ப மண்ணுக்கே வழியுது.

1833ல வார்டு இதே மாதிரி ரெண்டு கண்ணாடிப் பெட்டியில செடி வச்சு லண்டன்ல இருந்து சிட்னிக்குக் கப்பல்ல அனுப்புறார். மாசக்கணக்கான பயணம். செடி உயிரோட போய்ச் சேருது. அதுக்கு முன்னாடி கப்பல்ல ஏத்தின 20 செடியில 19 செத்துப்போகும், பெட்டி வந்த பிறகு 20ல 19 பிழைக்குதுன்னு ஜார்ஜ் லாடிஜஸ்னு ஒரு நர்சரிக்காரர் சொன்னதா பதிவு இருக்கு. இன்னைக்கு நீங்க குடிக்கிற டீ வரைக்கும் அந்தப் பெட்டியோட கை இருக்கு. சீனாவுல இருந்து ராபர்ட் ஃபார்ச்சூன் தேயிலைச் செடிகளை இமயமலைப் பக்கம் கொண்டுவந்தது அதுலதான். கொண்டுவந்ததுன்னு மரியாதையா சொல்றோம். சீனாக்காரங்க வேற வார்த்தை வச்சிருப்பாங்க.

இப்போ ஊட்டி. மலேரியாவுக்கு அப்போ இருந்த ஒரே மருந்து குவினைன். அது சின்கோனா மரத்துப் பட்டையில இருந்து வரும், அந்த மரத்தோட தாயகம் தென் அமெரிக்காவுல ஆண்டிஸ் மலைதான். இங்க பட்டாளமும் ஜனங்களும் காய்ச்சல்ல சாகுறாங்க. பிரிட்டிஷ் அரசாங்கம் கிளெமென்ட்ஸ் மார்க்கமை அனுப்புது. அவர் பெருவுல செடிகளைச் சேகரிச்சு, வார்டு பெட்டியில அடைச்சு, பாதி உலகத்தைச் சுத்தி 1860ல நீலகிரிக்குக் கொண்டுவர்றார். வழியில செங்கடல். அந்தச் சூட்டுல மூடின பெட்டி என்ன ஆகும்னு இப்போ உங்களுக்கே தெரியும். ஊட்டிக்கு வந்து சேர்ந்த செடிகளும் பிழைக்கல.

அடுத்த வருஷம், 1861ல, ஈக்வடார்ல இருந்து ராபர்ட் கிராஸ் கொண்டுவந்த செம்பட்டைச் செடிகள் உயிரோட வந்துச்சு. அதுக்கு அப்புறம் நடந்ததுதான் நமக்குப் பாடம். ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவைப் பார்த்துக்கிட்ட வில்லியம் கிரகாம் மெக்கைவர், கைக்கு வந்த கொஞ்சச் செடியை வச்சு குச்சி, பதியம்னு பெருக்கிட்டே போறார். சில வருஷத்துல எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டிருச்சு. தொட்டபெட்டாவுலயும் நடுவட்டத்துலயும் தோட்டம் வந்துச்சு. நடுவட்டத்துல அந்தத் தோட்ட வேலைக்குச் சீனக் கைதிகளைக் கொண்டுவந்து வச்சிருந்தாங்க. அந்தச் சிறைக் கட்டடம் இன்னும் இருக்கு, கூடலூர் போற வழியில நின்னு பாருங்க. எனக்கு மெக்கைவர் கதையில பிடிச்சது ஒண்ணுதான். கப்பல்ல ஆயிரம் மைல் கொண்டுவர்றது பெரிய வேலை, சரி. ஆனா அந்தச் செடி இந்த மண்ணுல நிலைச்சது ஒரு நர்சரி கொட்டகையில, தினமும் ஒருத்தர் குச்சியைப் பார்த்துக்கிட்டதாலதான்.

சரி, மலையில இருந்து இறங்கி செவிலிமேட்டுக்கு வருவோம். வெளியூர்ல இருந்து கேட்கிறவங்களுக்கு: காஞ்சிபுரத்துல இருந்து வந்தவாசி ரோட்டுல பாலாத்துப் பாலத்துக்கு முன்னாடி வர்ற ஊர். ராமானுஜர் வரதராஜப் பெருமாளுக்குத் தண்ணி எடுத்துட்டுப் போனதா சொல்ற சாலைக்கிணறு இருக்கிற இடம். இப்போ காஞ்சிபுரம் மாநகராட்சிக்குள்ள வந்துடுச்சு. இங்க எங்க பெரியம்மா வீடு. பெரியப்பா பட்டுத்தறி நெய்றவர்.

அவங்க வீட்டுப் பின்கட்டுல ஒரு பன்னீர் ரோஜா. பெரியம்மாவோட மாமியார் நட்டது. கடையில வாங்குற ரோஜா மாதிரி பார்க்க அழகு கிடையாது. இதழ் கசங்கின மாதிரி இருக்கும், காம்பு குட்டை. ஆனா ஒரு பூ பூத்தா தறிக்கூடம் வரைக்கும் வாசம் வரும். போன வருஷம் சொத்து பாகம் பிரிச்சாங்க. பின்கட்டு சித்தப்பா பக்கம் போச்சு. அவங்க அங்க வீடு கட்டப் போறாங்க. ஆடி மாசம்ங்கிறதால கை வைக்கல, ஆவணி பொறந்து முதல் முகூர்த்தத்துல பூமி பூஜை. சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல, அவங்க பாகம், அவங்க கட்டுறாங்க. ஆனா செடி நிக்கிற இடத்துலதான் அஸ்திவாரம்.

பெரியம்மா என்கிட்ட கேட்டது, "செடியை அப்படியே தோண்டி எடுத்துடலாமாடா?" எவ்வளவோ வருஷச் செடி, வேர் செவுத்து அடியில போயிருக்கு. தோண்டினா பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். அதையும் செஞ்சு பார்க்கலாம், ஆனா அதை மட்டும் நம்ப முடியாது. குச்சி எடுக்கணும். இதுல ஒரு சிக்கல். ரோஜாக் குச்சி வேர் விட நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும். எங்க கையில இருந்தது மூணு வாரம். அதாவது குச்சி பிழைச்சுதா இல்லையான்னு தெரியறப்போ தாய்ச் செடி இருக்காது. தப்பிப் போச்சுன்னா திரும்ப வெட்ட ஒண்ணும் கிடையாது.

சாஃப்ட்வேர்ல இதுக்கு ஒரு பழக்கம் உண்டு. திரும்பி வர வழியில்லாத வேலைன்னா ஒரே சர்வர்ல எல்லாத்தையும் வைக்கக் கூடாது. அதனால 24 குச்சி, மூணு பெட்டி, மூணு இடம். ஒண்ணு பெரியம்மா வீட்டுல, ஒண்ணு எங்க வீட்டுல, ஒண்ணு பக்கத்துத் தெரு அக்கா வீட்டுல.

பெட்டிக்கு என்ன பொருள்னு கேட்பீங்க. முதல் பெட்டி 20 லிட்டர் வாட்டர் கேன். கீறல் விட்ட கேனைத் தண்ணி கடையில தூக்கித்தான் போடுவாங்க, கேட்டா கொடுப்பாங்க. அடிப்பாகத்தை ஆக்ஸா பிளேடால வட்டமா அறுத்து எடுத்துட்டா மிச்சம் ஒரு கூண்டு. விளிம்பைத் தேய்ச்சு விட்டுடுங்க, கை கிழியும். இதோட அருமை என்னன்னா மேல ஒரு மூடி இருக்கு. பின்னாடி காத்து விடுறப்போ அந்த மூடியைத் திறந்தா போதும். ரெண்டாவது பெட்டி, தக்காளி வர்ற பிளாஸ்டிக் கிரேட். உள்ள சின்னத் தொட்டிகளை வச்சு, மொத்தத்தையும் பட்டுப்புடவை போட்டு வர்ற அந்தக் கண்ணாடி மாதிரி கவர்களை ஒட்டி மூடினோம். காஞ்சிபுரத்துல எந்த வீட்டுல பீரோவைத் திறந்தாலும் அந்தக் கவர் பத்தாவது கிடைக்கும். மூணாவது, 2 லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலை நடுவுல வெட்டி, கீழ்ப்பாதியில மண், மேல்பாதி மூடி. இது சின்னது, ரெண்டு குச்சிதான் பிடிக்கும், அதனால நாலு பாட்டில். ஆனா சுவர் தெளிவா இருக்கிறதால வேர் வர்றது கண்ணுக்குத் தெரியும். அது எவ்வளவு முக்கியம்னு பின்னாடி சொல்றேன்.

எல்லாத்துலயும் அடியில ஓட்டை போடணும். பெட்டி மூடியிருக்கு, தண்ணி வெளிய போகக் கூடாதுன்னு நினைச்சு சிலர் ஓட்டை போட மாட்டாங்க. ஈரம் இருக்க வேண்டியது காத்துல. மண்ணுக்குள்ள தண்ணி நின்னா குச்சியோட அடிக்கு மூச்சு முட்டும், அழுகும்.

மண்ணுன்னு சொன்னேன், ஆனா தோட்டத்து மண்ணு வேண்டாம். தொழு உரம், மண்புழு உரம் எதுவும் வேண்டாம். குச்சிக்கு இப்போ சாப்பாடு தேவையில்லை. சத்துள்ள மண்ணுல பூஞ்சைதான் நல்லா சாப்பிடும். பாதி ஆத்து மணல், பாதி தென்னை நார்த்தூள். பாலாத்து மணலைப் பத்தி இங்க பேச ஆரம்பிச்சா எபிசோடு வேற பக்கம் போயிடும். ஆத்துல அள்ள வேண்டாம், கட்டட வேலை முடிஞ்ச வீட்டுல ஒரு சின்ன வாளி மீதி கிடைக்கும். எம்-சாண்ட்தான் இருக்குன்னா, அதுல கல்மாவு நிறைய இருக்கும், தண்ணி தெளியற வரைக்கும் நாலஞ்சு தடவை அலசிடுங்க. நார்த்தூள் கட்டியில உப்பு இருக்கும், அதையும் ஊற வச்சு அலசிப் பிழியணும். கலவையைக் கையில பிடிச்சு அழுத்தினா ரெண்டு சொட்டு வரணும், ஒழுகக் கூடாது.

குச்சியைக் காலையில வெட்டணும். ராத்திரி முழுக்கத் தண்ணி குடிச்சு இலை விறைப்பா இருக்கும். பூத்து முடிஞ்ச கிளையா, ரொம்ப இளசும் இல்லாம ரொம்ப முத்தலும் இல்லாம, பென்சில் மொத்தத்துல, ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவா. கணுவுக்குச் சரியா கீழ வெட்டுங்க, வேர் அந்தப் பக்கத்துலதான் கிளம்பும். கத்தியை சானிடைசர் போட்டுத் துடைச்சுக்கோங்க. மொட்டு இருந்தா கிள்ளிடணும். பெரியம்மாவுக்கு அதுதான் மனசு கேக்கல, ரெண்டு மொட்டு விரியுற நிலையில இருந்துச்சு. மேல ரெண்டு இலை விட்டுட்டு மத்தது எல்லாத்தையும் எடுத்தோம். ரோஜாவுக்கு ஒரு இலையிலயே அஞ்சு சின்ன இலை இருக்கும் இல்லையா, அதுல நுனியில இருக்கிற மூணையும் வெட்டிட்டோம். முழு இலையையும் எடுத்துட்டா செலவே இல்லையேன்னு தோணும். ஆனா பச்சைக் குச்சிக்கு அந்தக் கொஞ்சம் இலையில இருந்துதான் சர்க்கரையும் வேர் விடச் சொல்ற ஹார்மோனும் கீழ இறங்கும். அதனால கொஞ்சம் வேணும்.

ஹார்மோன்னதும் வேர்ப்பொடி கேட்பீங்க. நர்சரிக் கடையில கிடைக்கிற பொடியில இருக்கிறது இண்டோல் பியூட்டிரிக் அமிலம், சுருக்கமா ஐபிஏ. ரோஜாவுக்கு அது நல்லாவே உதவும். செம்பருத்திக்கு இல்லாமலும் வரும். தேன், மஞ்சள், பட்டைத்தூள்னு சொல்றாங்க. அதெல்லாம் பூஞ்சையைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம், வேரை வரவழைக்காது. திரும்பி வர வழியில்லாத வேலைங்கிறதால நாங்க பொடியே வாங்கினோம். நனைஞ்ச அடியைப் பொடியில தொட்டு, உதறிட்டு நடணும். நேரா குத்தினா பொடி வழிச்சிட்டு போயிடும், அதனால முதல்ல ஒரு பென்சிலால குழி போட்டுக்கோங்க. ரெண்டு கணு உள்ள போகணும். சுத்தி விரலால அழுத்தி, தண்ணி தெளிச்சு, கூண்டைக் கவுத்துடலாம்.

எங்க வைக்கிறதுன்னு பெரியம்மா வீட்டுல பேச்சு வந்துச்சு. மாடி வேண்டாம், வாசல்ல மேற்கு வெயில். பெரியப்பா தறியில இருந்து எழுந்து வந்து பார்த்தார். நான் இந்த ஈரப்பதம், இடைவெளின்னு விளக்க ஆரம்பிச்சேன். ஒரு நிமிஷம் கேட்டுட்டு, "இழை மாதிரிதானே"ன்னார். சித்திரை வெயில்ல காத்து காஞ்சா பட்டு இழை அறுந்துட்டே இருக்கும்னு தறிக்கூடத்துத் தரையில தண்ணி தெளிச்சு வைப்பாங்க. வெயில் நேரா பாவு மேல விழக் கூடாது, ஆனா இழை தெரியற அளவுக்கு வெளிச்சம் வேணும். அவருக்கு நாப்பது வருஷமா தெரிஞ்ச விஷயத்தைத்தான் நான் பிரசன்டேஷன் மாதிரி சொல்லிட்டு இருந்திருக்கேன். கேன் பெட்டி தறிக்கூடத்து வடக்கு ஜன்னல் ஓரம் போச்சு. அதை விட நல்ல இடத்தை நானும் யோசிச்சிருக்க முடியாது.

அதுக்கு அப்புறம் செய்யறதுக்குப் பெருசா ஒண்ணுமில்ல. காலையில பார்த்தா உள்சுவர்ல பனி படிஞ்ச மாதிரி இருக்கணும், அது சரியான அளவு. கோடு கோடா வழிஞ்சா ஈரம் அதிகம், கொஞ்ச நேரம் திறந்து வைங்க. சுவர் காஞ்சிருந்தா தண்ணி தெளிக்கணும். தினமும் அஞ்சு நிமிஷம் திறந்து காத்து மாத்தணும். உதிர்ந்த இலையை உடனே எடுத்துடணும், அங்கதான் பூஞ்சை ஆரம்பிக்கும். கீழ வச்ச தட்டுல தண்ணி நிக்க விடாதீங்க. டெங்கு கொசு அந்தக் கொஞ்சூண்டு தண்ணியிலயே முட்டை போடும்.

மூணாவது வாரம் ஒரு காலையில பெரியம்மா போன் பண்ணாங்க. "துளிர் விட்டுடுச்சுடா, தொட்டிக்கு மாத்திடலாமா?" போய்ப் பார்த்தா உண்மைதான், பாதிக்கு மேல குச்சியில செவப்பா குட்டித் துளிர். இந்த இடத்துலதான் நிறைய பேர் குச்சியை இழக்கிறாங்க. துளிர் வந்தா வேர் வந்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல. தண்டுக்குள்ள இருந்த சேமிப்பை வச்சே துளிர் விடும். பேங்குல இருந்த பணத்தை எடுத்துச் செலவு பண்றப்போ வருமானம் இருக்கிற மாதிரிதான் தெரியும். பாட்டில் பெட்டிகளைத் தூக்கிப் பார்த்தோம். எதுலயும் வேர் இல்ல. வெட்டின அடியில வெள்ளையா முண்டு மாதிரி ஒரு சதை மட்டும் ஒண்ணுல தெரிஞ்சுது. அது காயம் ஆறுறதோட அடையாளம், வேர் அதுக்கு அப்புறம்தான். தொட்டிக்கு மாத்தல.

அந்த வாரக் கடைசியில பூமி பூஜை நடந்துச்சு. முந்தின நாள் செடியையும் தோண்டி எடுத்து ஒரு பெரிய தொட்டியில வச்சோம். வேர்ல முக்கால்வாசி செவுத்துக்கு அடியிலயே நின்னுடுச்சு. பத்து நாள்ல செடி காஞ்சு போச்சு. பெரியம்மா ஒண்ணும் சொல்லல. ஆனா தினமும் காலையில தறிக்கூடத்துக்குப் போய் கேனைப் பார்க்கிறதை மட்டும் விடல.

நாலாவது வாரம் துளிர் விட்ட குச்சிகள்ல ஒவ்வொண்ணா கருக ஆரம்பிச்சுது. சேமிப்பு தீர்ந்து போச்சு. எட்டு, பத்து, பதிமூணு. அக்கா வீட்டு கிரேட்ல எட்டுல ரெண்டுதான் மிச்சம். அங்க சாயங்காலம் ஒரு மணி நேரம் வெயில் உள்ள விழுந்திருக்கு. அவங்களைச் சொல்லி ஒண்ணுமில்ல, பக்கத்து வீட்டு ஷீட்டை நடுவுல கழட்டியிருக்காங்க. மூணு இடமா பிரிச்சது இதுக்குத்தான்.

அஞ்சாவது வாரம் பாட்டில் ஒண்ணுல சுவர் ஓரமா ஒரு வெள்ளைக் கோடு. நூல் மாதிரி. மறுநாள் ரெண்டு. தறிக்கூடத்துக் கேன்ல வேர் பார்க்க முடியாது, அதனால குச்சியை ரெண்டு விரலால பிடிச்சு மெல்ல, ரொம்ப மெல்ல மேல இழுத்துப் பார்க்கணும். பிடிப்பு தெரிஞ்சா வேர் இருக்கு. ஆறாவது வாரம் கடைசியில கணக்கு எடுத்தோம். கேன்ல நாலு, பாட்டில்ல மூணு, கிரேட்ல ரெண்டு. மொத்தம் ஒன்பது.

இங்கயும் அவசரப்படக் கூடாது. ஒன்றரை மாசம் நெருக்கமான ஈரத்துல இருந்த இலைக்கு வெளிக்காத்து பழக்கமில்லை. திடீர்னு கூண்டை எடுத்தா ஒரே மத்தியானத்துல தொங்கிடும். முதல் ரெண்டு நாள் கேன் மூடியை மட்டும் திறந்தோம். அப்புறம் கூண்டு அடியில ஒரு குச்சி வச்சுத் தூக்கி விட்டோம். அப்புறம் ராத்திரி மட்டும் கூண்டு இல்லாம. பத்து நாள் கழிச்சு முழுசா எடுத்தோம். அதுக்கு அப்புறம்தான் உரம் கலந்த மண், தொட்டி எல்லாம்.

எந்த மாசம் செய்யலாம்னு கேட்டா, எங்க பக்கத்துக்கு ஐப்பசி, கார்த்திகைதான் சுகம். காத்துலயே ஈரம் இருக்கும், வேலை பாதி குறையும். எங்களுக்கு ஆடியைத் தவிர வேற நாள் கிடைக்கல. பங்குனி, சித்திரையில ஆரம்பிக்காதீங்க. கட்டாயம்னா வீட்டுக்குள்ள, குளிர்ச்சியான இடமா பார்த்து வைங்க. புதுசா பழகுறவங்க செம்பருத்தியில ஆரம்பிங்க, மூணு நாலு வாரத்துல வேர் விட்டுடும். மல்லிக்கு ரோஜா மாதிரியே பொறுமை வேணும்.

பெரிய அளவுல பார்க்கணும்னு ஆசைப்பட்டா மேட்டுப்பாளையம் வனக்கல்லூரிக்கு ஒரு தடவை போயிட்டு வாங்க. சவுக்கு, தைலமரம் எல்லாம் குச்சியில இருந்து பெருக்குறாங்க. வளைச்ச கம்பி மேல பாலித்தீன் ஷீட், அதுக்கு மேல நிழல்வலை. நம்ம கேன் கூண்டேதான், நீளமா படுத்திருக்கு. நம்ம கடற்கரைப் பக்கம் காகித ஆலைக்குப் போற சவுக்குல குச்சியில வந்த கன்று நிறைய.

அந்த ஒன்பதுல அக்காவுக்கு ரெண்டு, எங்க வீட்டுல ரெண்டு. பெரியம்மா நாலு வச்சுக்கிட்டாங்க. மிச்சம் ஒண்ணை, வீடு கட்டி முடிச்சதும் முன்பக்கம் வைங்கன்னு சித்தப்பா வீட்டுல கொடுத்துட்டு வந்தாங்க. இன்னும் எதுவும் பூக்கல. தை மாசத்துக்கு மேல பூக்கும்னு நினைக்கிறேன், பூத்தா சொல்றேன். நீங்க உங்க வீட்டுல என்ன டப்பாவுல செஞ்சு பார்த்தீங்கன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.